வெளிநாட்டுக் காசும் வெங்காயமும் எந்தக் கணக்கில்? – வாசகர் கேள்வி பதில்

நாடுகளின் பொருளாதாரத்தையும் மக்களின் வாழ்வையும் எப்படி அளக்கிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். ஆண்டு குறித்துத் தந்துள்ள எண்கள் வெளியான அறிக்கைகளில் உள்ளவை. மற்ற ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை.

உரும்பிராய் வாசகர்: எங்கட ஊரில திரும்புற பக்கமெல்லாம் வெளிநாட்டுக் காசில கட்டின வீடு. மகன் கனடாவில இருந்து அனுப்புற காசிலதான் நாங்களும் சீவிக்கிறம். இந்தக் காசு நாட்டின் உற்பத்தியில சேருமோ? சேருமெண்டால் வடக்கு ஏன் எப்பவும் கீழ் வரிசையில நிக்குது?

காசு வங்கியில் வந்து விழுந்த அந்த நேரத்தில் சேராது. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது நாட்டின் எல்லைக்குள் ஒரு காலப்பகுதியில் புதிதாக உண்டான பொருட்கள், சேவைகளின் பெறுமதி. உங்கள் மகன் உழைத்தது கனடாவில். அந்த உழைப்பு அங்கேயே எழுதியாகிவிட்டது. "அப்படியென்றால் மொத்தத் தேசிய வருமானத்தில் சேரும்" என்று ரியூசன் குறிப்புகளிலேகூட எழுதியிருக்கும். அதுவும் பெரும்பாலும் பிழை. நாட்டின் வதிவாளர்கள் உள்ளேயும் வெளியேயும் உழைத்த வருமானத்தை எடுக்கும் கணக்கு அது. ஒரு வருடத்துக்குக் குறைவாக வெளியே போய் உழைத்துவிட்டு வருபவரின் சம்பளமே அதில் சேரும். ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் அங்கே இருப்பவர், கணக்குப்படி அந்த நாட்டு வதிவாளர். அவர் அம்மா அப்பாவுக்கு அனுப்புவது கைமாறு இல்லாத கொடுப்பனவு. அது சேருமிடம் 'மொத்தத் தேசியச் செலவிடத்தக்க வருமானம்' என்ற மூன்றாவது கணக்கு. பத்திரிகைத் தலைப்புகளில் வராத கணக்கு இது. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று எதை வைத்துச் சீவிக்கிறது என்பதற்குக் கிட்டவாக நிற்பது இதுதான்.

இனி அந்தக் காசைப் பின்தொடர்ந்து போவோம். மகன் 50 லட்சம் அனுப்புகிறார் என்று வையுங்கள். அதில் 20 லட்சத்துக்கு ஒரு துண்டுக் காணி வாங்குகிறீர்கள். உற்பத்தியில் அது ஒரு சதமும் கூட்டாது. காணி முன்பும் இருந்தது, கை மாறியதுதான். தரகரின் கொமிசனும் நொத்தாரிசுக் கட்டணமும் மட்டும் சேவை என்பதால் சேரும். ஒரு பரப்புக் காணியின் விலை ஒரே வருடத்தில் இரட்டித்தாலும் நாட்டின் உற்பத்தி அசையாது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தாலும் அப்படித்தான்.

மிச்ச 30 லட்சத்தில் வீடு கட்டுகிறீர்கள். மேசன், தச்சர், வயரிங் வேலைக்காரர் ஆகியோரின் கூலியும் ஒப்பந்தக்காரரின் இலாபமும் இங்கேயே உண்டான பெறுமதி. அவை முழுதாகச் சேரும். இறக்குமதி மாபிளுக்குக் கொடுத்த காசில் நாட்டுக்குள் நிற்பது துறைமுகத்திலிருந்து உங்கள் படலைவரை வந்த ஏற்றுக்கூலியும் கடைக்காரரின் இலாபமும் போன்றவை. சீமெந்து நாட்டுக்குள்ளேயே அரைத்ததாக இருந்தாலும் வடக்குக்கு எழுதப்படாது, ஆலை நிற்கும் மாகாணத்துக்கே எழுதப்படும். காங்கேசன்துறை ஆலை 1990இல் நின்ற பிறகு நாங்கள் குழைக்கும் ஒவ்வொரு பை சீமெந்தின் உற்பத்திப் பெறுமதியும் வேறொரு இடத்தின் கணக்கில்தான் ஏறுகிறது. மத்திய வங்கி மாகாண வாரியாக வெளியிடுவது உற்பத்திக் கணக்கு. வீடுகள் உயர்ந்தும் வடக்கின் பங்கு சிறுத்துத் தெரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம். செலவு இங்கே நடக்கிறது. பொருள் வேறெங்கோ உற்பத்தியாகிறது.

உண்டியலில் வரும் காசுக்கு இன்னொரு சிக்கல். மகன் ரொறன்ரோவில் டொலரைக் கொடுக்கிறார், இங்கே ஒருவர் உங்களுக்கு ரூபாயைத் தருகிறார். அந்த டொலர் இலங்கை வங்கி எதற்குள்ளும் வரவில்லை, அதனால் மத்திய வங்கியின் பணவனுப்பல் எண்ணிக்கையிலும் வராது. வங்கி வழியாக வந்த தொகை 2020இல் சுமார் 710 கோடி டொலர், 2021இல் 549 கோடி, 2022இல் 379 கோடி. வெளியில் இருக்கும் பிள்ளைகள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று இதை வாசிக்கக் கூடாது. வங்கி விலையை 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்த காலத்தில் உண்டியல் விலை அதைவிட நன்றாக மேலே நின்றது. காசு பாதையை மாற்றிக்கொண்டது. விலை வித்தியாசம் குறைந்த பின் 2023இல் அதே எண் 597 கோடிக்கு ஏறியது.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்று, லொட்ஜுக்கும் வானுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் செலவழித்தால், அது வெளிநாட்டு வதிவாளர் இங்கே வாங்கிய சேவை. கணக்கில் அது ஏற்றுமதி. அதே காசை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் அதே கடையில் சாப்பிட்டால் வீட்டுச் செலவு. இரண்டிலும் கடைக்காரரின் உற்பத்தி ஒன்றுதான்.

ஏழாலை விவசாயி: இந்தப் போகம் 4 லட்சத்துக்கு வெங்காயம் வித்தன். அப்ப நாட்டின் உற்பத்தி என்னால 4 லட்சம் கூடினதோ?

இல்லை. விற்ற காசிலிருந்து, பிறரிடம் வாங்கி அந்தப் பயிரிலேயே முடித்துவிட்ட பொருட்களைக் கழிக்க வேண்டும்: விதை வெங்காயம், உரம், மருந்து, இறைப்புக்கான கரண்ட் அல்லது மண்ணெண்ணெய், உழவு மெசினுக்குக் கொடுத்த வாடகை. இவை 1,70,000 என்றால் நீங்கள் கூட்டிய பெறுமதி 2,30,000. உரத்தின் பெறுமதியை அது உண்டான இடத்தில் ஒரு தடவை எழுதியாயிற்று. இங்கேயும் எழுதினால் இரட்டை எண்ணிக்கை.

கூலி 1,10,000 கொடுத்திருப்பீர்கள். அதையும் கழித்துவிட்டு "என் பங்கு 1,20,000தான்" என்று சொல்வதுதான் பெரும்பாலானவர்கள் விடும் பிழை. அந்த 1,20,000 உங்கள் இலாபம். புல்லுப் பிடுங்க வந்தவர்களின் கூலி இந்தத் தோட்டத்தில் பிறந்த வருமானம், ஆகவே உற்பத்திக்குள் நிற்கும். காணிக் குத்தகையும் அப்படியே, கழிக்கப்படாது. வீட்டுத் தேவைக்கு எடுத்து வைத்த வெங்காயத்தையும் சந்தை விலைக்குக் கணித்துச் சேர்க்க வேண்டும் என்பது விதி.

கொக்குவில் வாசகி: வெங்காயம் சேரும் என்றால், அதை உரிச்சுக் கறியாக்கிற நாங்கள் எங்கே?

விதியைச் சொல்லிவிட்டு எங்கள் கருத்தையும் சொல்கிறோம். சர்வதேசக் கணக்கு முறையில், வீட்டுக்காரர் தமக்காக விளைவிக்கும் பொருள் உள்ளே. தமக்காகச் செய்யும் சேவை வெளியே. வேலியில் பிடுங்கிய முருங்கைக்காய் உள்ளே, அதைச் சமைத்த வேலை வெளியே. கடையில் வாங்கிய இடியப்பம் உள்ளே; விடிய எழும்பி நீங்கள் பிழிந்து அவித்த இடியப்பத்தில் மா மட்டும் உள்ளே. இன்னும் விசித்திரம், நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு நீங்களே உங்களுக்கு வாடகை கொடுப்பதாக வைத்து ஒரு தொகையைச் சேர்க்கிறார்கள். அந்த வீட்டைக் கூட்டித் துடைத்துப் பிள்ளை வளர்த்த உழைப்பு சேர்வதில்லை.

சேர்த்தால் எண் மிகப் பெரிதாகிவிடும், விலை குறிப்பது கடினம் என்பது புள்ளிவிபரக்காரரின் காரணம். அது ஒரு நடைமுறைக் காரணம்தான். நியாயம் என்று நாங்கள் ஏற்கவில்லை. தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவில் உருவாக்கிய சைமன் குஸ்னெற்ஸ் 1934ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, இந்த எண்ணை வைத்து ஒரு மக்களின் நலனை முடிவுசெய்ய முடியாது என்று எச்சரித்தார். இலங்கையில் 2017இல் நேரப் பயன்பாட்டு அளவீடு ஒன்று நடந்தது. ஒருவர் நாளின் 24 மணித்தியாலத்தை எதில் செலவழிக்கிறார் என்று எழுதி வாங்கும் முறை அது. வீட்டு உழைப்பை ஓரளவேனும் காட்டக்கூடிய கருவி அதுதான்; அடிக்கடி நடத்தப்பட வேண்டும்.

உயர்தர மாணவி, சுண்டுக்குளி: மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கணக்கிடும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? புத்தகத்தில் மூன்றைக் கூட்டி மூன்றால் பிரிக்கச் சொல்லி இருக்கு.

பிள்ளை, உங்கள் புத்தகம் பழைய முறையைச் சொல்கிறது. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக்கும் இந்தச் சுட்டெண்ணை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் 1990இல் வெளியிட்டது. முன்னின்றவர் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்; அமர்த்தியா சென் உடனிருந்தார். வருமானம் குறைந்திருந்தும் ஆயுளும் எழுத்தறிவும் உயர்ந்த இடங்களாக இலங்கையையும் கேரளத்தையும் சென் பலமுறை எடுத்துக்காட்டியவர். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலன் தலா வருமானத்தில் தெரியாது. இப்படியொரு அளவு இருந்தால்தான் தெரியும். கணக்கு முறை 2010இல் மாறியது.

ஒரு கற்பனை நாட்டை எடுப்போம். பிறப்பின்போது ஆயுள் எதிர்பார்ப்பு 72 வருடம். பள்ளிக்கூடம் தொடங்கும் பிள்ளை படிக்கும் என்று எதிர்பார்க்கும் காலம் 13 வருடம். 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் சராசரியாகப் படித்த காலம் 10 வருடம். தலைக்குத் தேசிய வருமானம், கொள்வனவுச் சக்தியைச் சமப்படுத்திய (நாடுகளின் விலை வித்தியாசத்தைச் சரிசெய்த) டொலரில், 10,000.

முதலில் ஆயுள். கீழ் எல்லை 20, மேல் எல்லை 85. (72 − 20) ÷ (85 − 20) = 52 ÷ 65 = 0.800.

அடுத்தது கல்வி. எதிர்பார்க்கும் காலத்தை 18ஆலும் படித்த காலத்தை 15ஆலும் பிரிக்க வேண்டும்: 0.722, 0.667. இந்த இரண்டுக்கும் மட்டும் சாதாரண சராசரி: 0.694.

வருமானத்தில்தான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். எல்லைகள் 100, 75,000. நேரே கழித்துப் பிரிக்கக் கூடாது, மடக்கை எடுக்க வேண்டும். கல்குலேட்டரில் இயற்கை மடக்கைப் (ln) பொத்தானை அழுத்துங்கள்: 10,000 ÷ 100 = 100, அதன் மடக்கை 4.605. 75,000 ÷ 100 = 750, அதன் மடக்கை 6.620. முன்னதைப் பின்னதால் பிரித்தால் 0.696. மடக்கை எடுக்காமல் செய்திருந்தால் 0.132 வந்திருக்கும். ஏன் மடக்கை? 1,000 டொலர் 2,000 ஆனாலும் 10,000 டொலர் 20,000 ஆனாலும் இந்த வருமானச் சுட்டெண் ஒரே அளவுதான், சுமார் 0.105, ஏறும். பசியில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஆயிரமும் வசதியானவருக்குக் கிடைக்கும் ஆயிரமும் ஒன்றல்ல என்பதைக் கணிதத்தில் சொல்லும் வழி அது. 75,000க்கு மேல் எவ்வளவு வருமானம் இருந்தாலும் 1.000தான்.

கடைசியாக மூன்றையும் பெருக்கி மூன்றாம் மூலம் எடுங்கள்: 0.800 × 0.694 × 0.696 = 0.386, மூன்றாம் மூலம் 0.728. 0.700 முதல் 0.799 வரை 'உயர்' பிரிவு. 0.800இல் தொடங்குவது 'மிக உயர்'. 0.550க்குக் கீழே 'தாழ்'.

கூட்டலிடைக்குப் பதில் பெருக்கலிடை வந்ததன் பலனை இப்படிப் பாருங்கள். ஒரு நாட்டுக்கு 0.9, 0.9, 0.3; இன்னொன்றுக்கு மூன்றும் 0.7. கூட்டிப் பிரித்தால் இரண்டும் 0.700. பெருக்கிப் பார்த்தால் முதல் நாடு 0.624க்கு இறங்கிவிடும். காசும் கல்வியும் இருந்து சனம் இளமையில் சாகும் நாடு, இப்போது அந்தக் குறையை மறைக்க முடியாது.

பரீட்சைக்கு வெளியே ஒரு எச்சரிக்கையும் தருகிறோம். இலங்கை 2022ஆம் ஆண்டுத் தரவின்படி 0.780 எடுத்து 78ஆவது இடம். 2023ஆம் ஆண்டுத் தரவின்படி 0.776, 89ஆவது இடம். "11 இடம் சறுக்கல்" என்று இதை எழுதுவது பிழை. இரண்டு அறிக்கைகளுக்கும் இடையில் வருமானத்தை அளக்கும் விலை அடிப்படை 2017இலிருந்து 2021க்கு மாறியது; பழைய வருடங்களின் தரவும் திருத்தப்பட்டது. ஏறினோமா இறங்கினோமா என்று அறிய, புதிய அறிக்கைக்குள்ளேயே இருக்கும் காலப்போக்கு அட்டவணையில் இரண்டு வருடங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துக் கழிக்கக் கூடாது.

இன்னொன்று யாழ்ப்பாணத்தாருக்கு உறைக்கும். இங்கே பல்கலைக்கழகம் முடித்த ஒருவர் 27 வயதில் வெளிநாட்டில் குடியேறினால், அவருடைய 17 வருடப் படிப்பு அந்த நாட்டின் 'படித்த காலத்தில்' சேரும். இங்குள்ள சராசரி அந்தளவு குறையும். படிப்பித்த செலவு எந்தப் பக்கம் என்று சுட்டெண் கேட்பதில்லை.

சாவகச்சேரி வர்த்தகர்: 2019இல எங்களை மேல் நடுத்தர வருமான நாடு எண்டாங்கள். அடுத்த வருசமே கீழ இறக்கினாங்கள். ஒரு வருசத்தில அப்படி என்ன நடந்தது?

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உலக வங்கி 2018ஆம் ஆண்டுக்கு நமது தேசிய வருமானத்தைத் தலைக்கு 4,060 டொலர் என்று கணித்தது. மேல் நடுத்தரப் படி 3,996இல் தொடங்கியது. அடுத்த வருடம் நமது எண் 4,020. படியோ 4,046க்கு உயர்ந்துவிட்டது. 26 டொலரில் பிரிவு மாறியது. விலைவாசியோடு சேர்த்து அந்தப் படியை ஒவ்வொரு வருடமும் நகர்த்துவார்கள்.

டொலரில் அளப்பதன் தொல்லை 2022இல் நன்றாகத் தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் 1,000 ரூபாய் என்பது 5 டொலர். டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போன மே மாதத்தில் 2.8 டொலர்கூட இல்லை. அதற்காக உங்கள் கடையில் பாதிச் சாமான் மறைந்துவிடவில்லை. விலை மாற்றத்தை நீக்கிப் பார்த்தால் அந்த முழு ஆண்டிலும் உற்பத்தி 7.3 வீதம் சுருங்கியது. கடுமையான சுருக்கம்தான், ஆனால் பாதி அல்ல. உலக வங்கி மூன்று வருட நாணய விலையைச் சராசரி எடுப்பது இப்படியான துள்ளல்களை ஓரளவு அமத்தத்தான்.

நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட, கொள்வனவுச் சக்தியைச் சமப்படுத்திய டொலரை எடுங்கள். சாவகச்சேரியில் ஒரு தலைமயிர் வெட்டும் ரொறன்ரோவில் ஒரு தலைமயிர் வெட்டும் ஒரே வேலை, விலை பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்த டொலர் அது. ஆனால் எரிபொருள் கப்பலுக்கும் மருந்துக்கும் வெளிநாட்டுக் கடனுக்கும் கட்டுவது சந்தை டொலரில். ஆகவே கடன் சுமை பற்றிப் பேசும்போது சமப்படுத்திய எண்ணைக் கொண்டுவந்தால் நாடு உள்ளதைவிடப் பணக்கார நாடாகத் தெரியும்.

நெல்லியடி வாசகர்: குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய் எண்டு வாசிச்சன். எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டிலயும் அவ்வளவு இல்லை.

அது 2019ஆம் ஆண்டு வீட்டலகு வருமான செலவின அளவீட்டின் எண். அதே அறிக்கையில் இடையம் 53,333. நாட்டின் வீடுகளை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் அது. மேலே உள்ள சில வீடுகள் சராசரியை இழுத்துவிடும், இடையத்தை இழுக்காது. உங்கள் ஒழுங்கையை இடையத்தோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணை இன்றைய சம்பளத்தோடு நேரே ஒப்பிடவும் கூடாது. 2022 செப்டெம்பரில் மட்டும் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 73.7 வீதம் மேலே நின்றது. இது தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி. செய்திகளில் முதலில் வருவது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். அது கொழும்பு மாவட்ட நகர்ப்புற விலை. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் தேசியச் சுட்டெண்ணையே பார்க்க வேண்டும்.

கோண்டாவில் வாசகி: வீட்டில கிணறு, கரண்ட், மலசலகூடம் எல்லாம் இருக்கு. விறகடுப்பில சமைக்கிறம். இதுக்காக எங்களை வறிய குடும்பம் எண்டுவினமோ?

மாட்டார்கள், அம்மா. 2010இல் வந்த உலகப் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணில் 10 குறிகாட்டிகள். ஊட்டம், பிள்ளை இறப்பு, படித்த வருடம், பள்ளிக்கு வருகை ஆகிய நான்குக்கும் ஆறில் ஒரு பங்கு எடை. எரிபொருள், மலசலகூடம், குடிநீர், மின்சாரம், வீடு, உடைமை ஆகிய ஆறுக்கும் பதினெட்டில் ஒரு பங்கு. குறைகளின் எடையைக் கூட்டி மூன்றில் ஒன்றை எட்டினால்தான் வறுமை. விறகடுப்பு மட்டும் என்றால் 5.6 வீதம்.

அதே வீட்டில் மலசலகூடம் பக்கத்து வீட்டாரோடு பொது, 12 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் 5/18, அதாவது 27.8 வீதம், வறுமைக் கோட்டின் ஓரம். ஒரு பிள்ளை ஊட்டமின்றி மெலிந்திருந்தால் 8/18, அதாவது 44.4 வீதம், வறுமைக்குள். எந்தக் குறை எந்த வீட்டில் என்று பிரித்துப் பார்க்க முடிவதால்தான் இந்த அளவை நாங்கள் மதிக்கிறோம்.

ஆனால் உங்கள் கிணற்றில்தான் இந்த அளவு கண்மூடி நிற்கிறது. கட்டி மூடிய கிணறு, போய்வர அரை மணித்தியாலத்துக்குள் என்றால் 'நல்ல நீர்' என்று எழுதிவிடுவார்கள், நீரைச் சோதிப்பதில்லை. யாழ்ப்பாணத்தின் அடி சுண்ணக்கல். மேலே மண் கொஞ்சம், கல்லில் வெடிப்பு அதிகம். தோட்டத்தில் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் வேகமாகக் கிணற்றுக்கு இறங்கி நைத்திரேற்று ஆகிறது. கைக்குழந்தைகளுக்குத் தீங்கு தரும் இதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகிப் போக, மிச்ச நீரில் அது செறியும். எனவே ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் புட்டிப்பால் கரைப்பவர்கள், கிணற்று நீரைச் சோதித்து அறியும்வரை அதைப் பாவிக்க வேண்டாம். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் சோதனை பற்றி விசாரியுங்கள். தோட்டத்துக்கு உரம் போடும் காலத்திலும் மாரி மழைக்குப் பிறகும் அளவு மாறும், ஒரு தடவை பார்த்தது போதாது.

காரைநகர், ஓய்வுபெற்ற தபாலதிபர்: யாழ் மாவட்டத்தில் 1981இல் 8,30,552 பேர். 2012இல் 5.83 லட்சம். இரண்டரை லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள் என்று எழுதலாமா?

அப்படி எழுத வேண்டாம், ஐயா. 1981இல் கிளிநொச்சியும் யாழ் மாவட்டத்துக்குள் இருந்தது. 1984இல்தான் தனி மாவட்டமானது. அந்தப் பகுதியின் 91,764 பேரைக் கழித்தால் இன்றைய எல்லைக்குள் 1981இல் இருந்தவர்கள் 7,38,788 பேர். குறைவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம். இடையில் 2001இல் நடந்த தொகைமதிப்பை வடக்கில் முழுமையாக நடத்த முடியவில்லை. ஆகவே அந்த வருடத்துக்கான யாழ்ப்பாணத் 'தலா' எண் எதைக் கண்டாலும், பிரித்த சனத்தொகை மதிப்பீடா எண்ணியதா என்று முதலில் பாருங்கள்.